அடுப்பு அதேதான், ஸ்டோர் ரூம் வேறு

பாளையங்கோட்டையில் நான் வழக்கமாகப் போகும் அச்சகம் ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் அங்கே அடிப்பார்கள். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அந்தக் கடையின் கம்ப்யூட்டரோ விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத வயதுடையது. உரிமையாளர் அண்ணாச்சியின் மகன் கல்லூரியில் படிக்கிறான். பழைய வட்டைக் கழற்றி வைத்துவிட்டு, புதிதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி அதில் லினக்ஸ் போட்டுவிட்டான். பெட்டி பறந்தது. பிரவுசர் திறந்தது, பாட்டு பாடியது. ஆனால் அண்ணாச்சி பன்னிரண்டு வருடமாகப் பத்திரிகை வடிவமைக்கும் நிரலின் ஈஎக்ஸ்ஈ கோப்பை இரண்டு முறை சொடுக்கினால், ஜிப் கோப்பு பிரிக்கும் கருவி வந்து திருதிருவென விழித்தது.

“நேத்து சாயங்காலம் வரைக்கும் இதே பெட்டியிலதான தம்பி ஓடுச்சு? திரை அதே, கீபோர்டு அதே, உள்ள இருக்குற சில்லும் அதேதான்னு பையன் சொல்லுதான். பெறவு ஏன் ஓட மாட்டேங்கு?”

இது நல்ல கேள்வி. கம்ப்யூட்டர் படித்தவர்கள்கூட “அது விண்டோஸ் சாஃப்ட்வேர், இது லினக்ஸ்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது பதில் இல்லை, கேள்வியையே திருப்பிச் சொல்வது.

செல்போனில் ஓடும் ஆப் கம்ப்யூட்டரில் ஓடாததற்கு ஒரு காரணம் எளிது. இரண்டிலும் உள்ள சில்லுகள் பெரும்பாலும் வேறு வேறு கட்டளை மொழி பேசுபவை. (தமிழில் ஆப்பையும் செயலி என்கிறோம், ப்ராசஸரையும் செயலி என்கிறோம். அந்தக் குழப்பம் வேண்டாமென்றுதான் ப்ராசஸரை இங்கே சில்லு என்றே சொல்கிறேன்.) அண்ணாச்சியின் பெட்டியில் அந்தப் பிரச்சினை இல்லை. அவருடைய ஈஎக்ஸ்ஈ கோப்புக்குள் இருப்பதில் பெரும்பகுதி, சில்லு நேரடியாகப் புரிந்துகொள்ளும் சின்னச் சின்னக் கட்டளைகள்: இந்த எண்ணை அந்த எண்ணோடு கூட்டு, விடை பூஜ்யமானால் அந்த இடத்துக்குத் தாவு, இதை அங்கே எடுத்து வை. இவற்றில் விண்டோஸ் என்ற வாசனையே கிடையாது. சில்லுக்குத் தன் மேல் எந்த இயங்குதளம் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியவும் தெரியாது.

அப்படியானால் எங்கே சிக்குகிறது?

முதல் சிக்கல், கோப்பின் உறை. எந்த விண்டோஸ் நிரலையும் ஒரு உரைத் திருத்தியில் திறந்து பாருங்கள். குப்பையாகத் தெரியும். ஆனால் முதல் இரண்டு எழுத்துகள் மட்டும் எப்போதும் ‘எம்’, ‘இஸட்’. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் இந்தக் கோப்பு வடிவத்தை அமைத்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரெழுத்துகள் அவை. உலகத்தின் எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் அவர் இப்படிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார். லினக்ஸ் நிரலின் உறையில் வேறு அடையாளம்: ஒரு மறை குறி, அதையடுத்து ‘ஈ’, ‘எல்’, ‘எஃப்’. உறையைப் பிரித்து, உள்ளே இருப்பதை நினைவகத்தில் சரியான இடங்களில் பரப்பி, “முதல் கட்டளை இதோ” என்று சில்லுக்குக் காட்டும் வேலையை ஏற்றி என்ற சிறு நிரல் செய்கிறது. லினக்ஸின் ஏற்றிக்கு ‘எம் இஸட்’ உறையைப் பிரிக்கத் தெரியாது. ஆனால் இது பெரிய தடை அல்ல. அந்த உறையின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு கெட்டிக்கார நிரலர் அதற்கு ஏற்றி எழுதிவிடலாம். எழுதியும் விட்டார்கள்.

உறை பிரிந்த பிறகுதான் உண்மையான கதை ஆரம்பிக்கிறது.

கல்யாண வீட்டுச் சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் கைதேர்ந்தவர். ஐந்நூறு பேருக்கு அவியல் கணக்கு அவர் மண்டைக்குள் இருக்கிறது. ஆனால் அவர் ஸ்டோர் ரூமுக்குள் போக மாட்டார், போகவும் கூடாது. சாவி பெண்வீட்டு மாமா ஒருவரிடம் இருக்கும். மாஸ்டர் அடுப்படியில் நின்றபடி எடுபிடிப் பையனிடம் குரல் கொடுப்பார்: “ரெண்டாவது தட்டுல சின்ன டின் எடுத்துட்டு வாடா.” பையன் மாமாவிடம் போவான், மாமா பூட்டைத் திறப்பார், டின் வரும். வழக்கமான மண்டபத்தில் இது சங்கீதம் மாதிரி ஓடும். அதே மாஸ்டரை வேறு மண்டபத்துக்குக் கூட்டிப் போங்கள். அடுப்பு அதே மாதிரி, அவருடைய கைப்பக்குவமும் மாறவில்லை. ஆனால் அங்கே இரண்டாவது தட்டு என்று ஒன்றே இல்லை. சாமான் எல்லாம் சாக்கில் கிடக்கிறது. எடுபிடிப் பையனுக்கு மாஸ்டரின் பாஷையும் புரியவில்லை. அவியல் நின்றுபோகும்.

நிரலும் அந்த மாஸ்டர் மாதிரிதான். கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் எல்லாம் தானே செய்துகொள்ளும். ஆனால் வட்டிலிருந்து ஒரு கோப்பைப் படிக்கவோ, திரையில் ஒரு புள்ளி வைக்கவோ, எந்த விசை அழுத்தப்பட்டது என்று அறியவோ அதனால் தனியாக முடியாது. சில்லே அதை அனுமதிக்காது. அந்தச் சாவி இயங்குதளத்தின் கருவிடம் இருக்கிறது. தமிழ்க் கணிமைக்காரர்கள் அதைக் கருனி என்பார்கள். நிரல் கேட்க வேண்டும், கருனி கொடுக்க வேண்டும். விண்டோஸில் பெரும்பாலும் நிரல் நேராகக் கருனியிடம் கேட்பதுகூட இல்லை. டிஎல்எல் என்ற எடுபிடிப் பையன்கள் வழியாகத்தான் கேட்கிறது.

அண்ணாச்சியின் ஈஎக்ஸ்ஈயை ஒரு சிறு கருவியால் பிரித்து அவருக்கே காட்டினேன். உள்ளே ஒரு பட்டியல் இருந்தது. எந்த டிஎல்எல்லிடம் என்னென்ன வேலை கேட்கப் போகிறோம் என்று நிரல் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் சாமான் சீட்டு அது. கோப்பைத் திற, சாளரம் ஒன்று உண்டாக்கு, இந்த எழுத்துருவில் இந்த வரியை வரை, பிரிண்டரைத் தயார் செய். இப்படிப் பக்கம் பக்கமாகப் போயிற்று. “இம்புட்டையுமா அது கேக்கு?” என்றார். விண்டோஸ் நிரல்களுக்காகத் திறந்து வைத்திருக்கும் இத்தகைய அழைப்புகள் மொத்தம் ஆயிரக்கணக்கில் உண்டு. இதைத்தான் ஏபிஐ என்கிறார்கள். அழைப்பு ஏடு என்று தமிழில் சொல்லலாம்.

ஒரு மொழியில் இருப்பதை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோனால் மொழிபெயர்ப்பு. ஓர் இயங்குதளத்தை நம்பி எழுதியதை இன்னொன்றில் வாழவைத்தால் அதைத் தளப்பெயர்ப்பு என்று வைத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்பில் எது கஷ்டம்? அகராதியில் இருக்கும் சொற்கள் கஷ்டமில்லை. இங்கேயும் அப்படித்தான். “கோப்பைத் திற” என்று விண்டோஸில் ஒரு அழைப்பு உண்டு, லினக்ஸிலும் உண்டு. இதற்குப் பதில் அது என்று மாற்றி வைத்தால் வேலை முடிந்ததாகத் தோன்றும்.

தோன்றும், அவ்வளவுதான்.

விண்டோஸில் ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டே அதை அழிக்கப் பார்த்திருப்பீர்கள். “வேறொரு நிரல் இதைப் பயன்படுத்துகிறது” என்று சொல்லி மறுத்துவிடும். எரிச்சலாக இருக்கும். லினக்ஸ் மறுக்காது; பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, திறந்து வைத்திருப்பவர் மூடும்வரை உள்ளடக்கத்தை மட்டும் சத்தமில்லாமல் காப்பாற்றி வைத்திருக்கும். இரண்டுமே நியாயமான ஏற்பாடுகள். ஆனால் விண்டோஸை மட்டும் அறிந்த ஒரு நிரலர், ‘நான் திறந்து வைத்திருக்கும்வரை இந்தக் கோப்பை யாராலும் தொட முடியாது’ என்பதை இயற்கை விதி போல நம்பி, அதன் மேல் தன் நிரலின் பாதிப் பாதுகாப்பைக் கட்டியிருப்பார். அதை எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார். காற்று இருக்கிறது என்று யாராவது எழுதி வைப்பார்களா?

கோப்பு முகவரியில் வரும் சாய்கோடு இன்னொரு கதை. லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் 1970களிலேயே கோப்புறைகளைப் பிரிக்க வலப்பக்கம் சாயும் கோட்டை எடுத்துக்கொண்டது. டாஸின் முதல் பதிப்பில் கோப்புறைகளே கிடையாது. அந்தக் கோட்டை அது கட்டளைகளின் கூடுதல் குறிப்புகளுக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. 1983இல் டாஸ் 2.0 கோப்புறைகளைக் கொண்டுவந்தபோது நல்ல கோடு ஏற்கெனவே கைமாறியிருந்தது. இடப்பக்கம் சாயும் கோட்டை எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு எடுத்த அந்த முடிவு இன்றும் ஒவ்வொரு தளப்பெயர்ப்பிலும் காலை வாருகிறது.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து விவகாரம் அதைவிட மோசம். தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை, புண்ணியம். ஆங்கிலப் பெயர் கொண்ட கோப்பை விண்டோஸில் எப்படி எழுதிக் கேட்டாலும் கொடுத்துவிடும். லினக்ஸ் வழக்கமாக அப்படிக் கொடுக்காது. ஓர் எழுத்து பெரியதாக மாறினாலும் அது வேறு கோப்பு. நிரலர் ஓரிடத்தில் ‘லோகோ’ என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கியும் இன்னோரிடத்தில் சிறிய எழுத்திலும் எழுதியிருப்பார். பத்து வருடம் ஓடியிருக்கும். லினக்ஸில் முதல் நாளே படம் காணாமல் போகும். சரி, மாற்றிக் கொடுப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால், அவர் என்ன செய்ய முடியும்? நேர்ப் பெயரில் கிடைக்காவிட்டால், அந்தக் கோப்புறையில் உள்ள எல்லாப் பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்து, எழுத்தளவைக் கண்டுகொள்ளாமல் ஒப்பிட்டுத் தேட வேண்டும். ஆயிரம் கோப்பு இருந்தால் ஆயிரம் ஒப்பீடு.

தமிழ் தப்பித்தது என்று சொன்னேன். வேறொரு இடத்தில் மாட்டுகிறது. ஒரு கோப்புக்கு எவ்வளவு நீளப் பெயர் வைக்கலாம்? விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறையில் வரம்பு 255. லினக்ஸில் பரவலாகப் புழங்கும் எக்ஸ்ட்4 முறையிலும் வரம்பு 255. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ‘திருமண அழைப்பிதழ்’ என்று ஒரு பெயர் வைத்துப் பார்ப்போம். நம் கண்ணுக்குப் பத்து எழுத்து. யூனிகோடுக்கு அது பத்து அல்ல. ‘தி’ என்பது ‘த’வும் கொக்கியும் சேர்ந்து இரண்டு குறி, ‘ப்’ என்பது எழுத்தும் புள்ளியுமாக இரண்டு. இப்படி எண்ணினால் நடுவிலுள்ள வெற்றிடத்தோடு சேர்த்துப் பதினேழு. விண்டோஸ் இந்தப் பதினேழைத்தான் எண்ணுகிறது. லினக்ஸ் எண்ணுவதோ பைட்டுகளை. அது வழக்கமாகப் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், வெற்றிடத்துக்கு ஒன்று. ஆக 49. அதாவது லினக்ஸில் ஒரு முழுத் தமிழ்ப் பெயர் 85 குறிகளைத் தாண்ட முடியாது. விண்டோஸில் அதைப் போல மூன்று மடங்கு போகலாம். 255 என்ற எண் ஒன்றுதான். ஒருவர் முழத்தில் அளக்கிறார், இன்னொருவர் சாணில்.

இந்த முழத்துக்கும் சாணுக்கும் காரணம் தேதிகள். விண்டோஸ் என்டி 1993இல் வந்தபோது உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் 65,536 குறிகள் போதும் என்று யூனிகோடுகாரர்கள் நம்பியிருந்தார்கள். எனவே ஒரு குறிக்கு இரண்டு பைட் என்று மைக்ரோசாஃப்ட் அடித்தளத்திலேயே பதித்துவிட்டது. 1996இல் யூனிகோடு அந்த எல்லையைத் தாண்டி விரிந்தது. விண்டோஸின் அஸ்திவாரம் காய்ந்து இறுகியிருந்தது. சி மொழியில் ‘அகல எழுத்து’ என்று ஒரு வகை உண்டு. விண்டோஸில் அது இரண்டு பைட், லினக்ஸில் பொதுவாக நான்கு. ஒரு தமிழ் நிரல் தன் கோப்புகளில் இந்த வகையை அப்படியே கொட்டி வைத்திருந்தால், இன்னொரு தளத்தில் படிக்கும்போது இரண்டிரண்டு எழுத்தாக ஒட்டிக்கொண்டு பூச்சி பூச்சியாக வரும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, நிரலர் எழுதிய மூல நிரல் கையில் இல்லாமலேயே விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டிவிடலாம் என்று ஒருவர் கிளம்பினால் அவரைப் பற்றி என்ன நினைப்போம்? 1993இல் பாப் ஆம்ஸ்டாட் என்பவர் கிளம்பினார். அந்த முயற்சிக்கு வைன் என்று பெயர். அடுத்த வருடம் அலெக்சாந்தர் ஜூலியார் பொறுப்பேற்றார். இன்றும் அவர்தான் நடத்துகிறார். முதல் முழுப் பதிப்பான 1.0 வெளியானது 2008 ஜூனில். பதினைந்து வருடம்.

வைன் ஓர் எமுலேட்டர் அல்ல என்பதை அதன் பெயரின் விரிவே சொல்கிறது. எமுலேட்டர் என்பது இன்னொரு சில்லையே நிரலால் நடித்துக் காட்டுவது; ஒவ்வொரு கட்டளையையும் பெயர்த்துச் சொல்ல வேண்டும், மெதுவாகும். வைன் கட்டளைகளைத் தொடுவதில்லை. அவற்றைச் சில்லே நேராகச் செய்துகொள்ளும். வைன் செய்வது, விண்டோஸ் டிஎல்எல்களின் பெயரிலேயே புதிய எடுபிடிப் பையன்களை வைப்பது. மாஸ்டர் பழைய பாஷையில் கேட்பார். பையன் புது மண்டபத்து மாமாவிடம் அவருடைய பாஷையில் கேட்டு வாங்கி வந்து, பழைய டின்னில் போட்டுக் கொடுப்பான். மாஸ்டருக்கு மண்டபம் மாறியதே தெரியாது. கேட்ட சாமான் பையனுக்குத் தெரியாதபோது மட்டும், முனையத்தில் ‘ஃபிக்ஸ்மீ’ என்று தொடங்கும் ஒரு வரி விழும். வைனில் ஒரு நிரலை ஓட்டிவிட்டு அந்த வரிகள் மழையாகக் கொட்டுவதைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம்.

சரி, பழைய பையன் எப்படி நடந்துகொண்டான் என்று புதியவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். மைக்ரோசாஃப்ட்டின் கையேடுகள் இருக்கின்றன. அவை சொல்ல விட்டது ஏராளம். 2004இல் விண்டோஸ் 2000இன் மூல நிரலில் ஒரு பகுதி இணையத்தில் கசிந்தது. வைன்காரர்கள் அதைக் கண்ணெடுத்தும் பார்க்கக் கூடாது. மைக்ரோசாஃப்ட்டின் மூலத்தைப் பார்த்த ஒருவரின் பங்களிப்பை ஏற்பதில்லை என்பதே அங்கே விதி. காப்பியடித்தார்கள் என்று வழக்கு வந்தால் முப்பது வருட உழைப்பும் போகும். ஆகவே, கண்ணைக் கட்டிக்கொண்டு வெளியிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும்.

வழி, சோதனைதான். நூற்றுக்கு நூறு அறிவியல் முறை. ஒரு சிறு நிரல் எழுதுகிறார்கள். இல்லாத கோப்பைத் திறக்கச் சொன்னால் என்ன பிழை எண் வருகிறது? பெயரே கொடுக்காமல் கேட்டால்? பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்தால்? அகலம் பூஜ்யமாக ஒரு சாளரம் கேட்டால்? அதை உண்மையான விண்டோஸில் ஓட்டி விடைகளைக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு அதே சோதனை வைனில். விண்டோஸ் தேறி, வைன் தவறினால், அந்த வரியில் ‘வைன் செய்ய வேண்டியது’ என்று ஒரு குறி போட்டு வைக்கிறார்கள். வைனின் மூல நிரலுக்குள் இப்படிப்பட்ட சோதனைகள் மலையாகக் குவிந்திருக்கின்றன. விண்டோஸ் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி மைக்ரோசாஃப்ட்டுக்கு வெளியே இருக்கும் மிகப் பெரிய ஆவணங்களில் ஒன்று அது என்று எனக்குத் தோன்றுகிறது. அதை எழுதியவர்கள் விண்டோஸிலிருந்து தப்பிக்க நினைத்தவர்கள் என்பது வேடிக்கை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. விண்டோஸில் உள்ள தவறுகளையும் பிரதியெடுக்க வேண்டும். கையேடு ஒன்று சொல்லி, விண்டோஸ் வேறொன்று செய்தால், சரி எது? விண்டோஸ் செய்வதுதான் சரி. ஏனென்றால் நிரல்கள் நம்பியிருப்பது அதைத்தான். மைக்ரோசாஃப்ட்டுக்கே இந்தத் தலைவலி வந்திருக்கிறது. சிம்சிட்டி என்ற விளையாட்டில் ஒரு பிழை: நினைவகத்தில் ஓரிடத்தை ‘எனக்கு வேண்டாம்’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, உடனே அதே இடத்திலிருந்து படித்துவிடும். வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகு, மறந்துபோன குடத்தை எடுக்கத் திரும்பிப் போவது மாதிரி. பழைய விண்டோஸில் வீடு சும்மா கிடந்தது; குடமும் இருந்தது. விண்டோஸ் 95இல் உடனே அடுத்தவர் குடிவந்துவிட்டார், சிம்சிட்டி சரிந்தது. மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது தெரியுமா? சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் மட்டும் காலியான வீடுகளை உடனே வாடகைக்கு விடாத ஒரு தனி ஏற்பாட்டை விண்டோஸ் 95க்குள் எழுதியது. இதை முன்னாள் மைக்ரோசாஃப்ட் ஊழியரான ஜோயல் ஸ்போல்ஸ்கி எழுதி உலகறியச் செய்தார். போதுமான பேர் பயன்படுத்தும் ஓர் அமைப்பில், வெளியே தெரியும் எந்த நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார் என்று கூகுளில் பொறியாளராக இருந்த ஹைரம் ரைட் சொன்னதை மென்பொருள் உலகில் ஹைரம் விதி என்பார்கள். கேலியாகச் சொன்னது போலிருக்கும், கேலி இல்லை.

சில வேறுபாடுகள் பையன் மட்டத்தில் தீராது, மாமாவே மாற வேண்டும். பாளையங்கோட்டை பேருந்து நிலையத்தில் நிற்கிறீர்கள். ஜங்ஷன் போக எந்த வண்டி முதலில் வந்தாலும் சரி. விண்டோஸில் ஒரு நிரல் இதைக் கருனியிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லும்: “இந்த 64 விஷயங்களில் எது நடந்தாலும் என்னை எழுப்பு.” எல்லாமே நடந்தால்தான் எழுப்பு என்றும் கேட்கலாம். லினக்ஸில் இதே பொருளில் ஒரு அழைப்பு வெகுகாலம் இல்லை. அதனால் வைன், தனியாக ஒரு டைம்கீப்பரை உட்கார வைத்தது. எல்லா நிரல்களின் எல்லாக் காத்திருப்புகளும் அந்த ஒரே மேசைக்குப் போய்த் திரும்ப வேண்டும். அச்சக நிரலுக்கு இது உறைக்காது. நொடிக்கு அறுபது முறை திரையைப் புதுப்பிக்கும் விளையாட்டுகள் திணறிவிடும். பல ஒட்டுப்போட்ட தீர்வுகளுக்குப் பிறகு, 2025 மார்ச்சில் வந்த லினக்ஸ் 6.14 கருனியிலேயே என்டிசிங்க் என்ற பகுதி சேர்ந்தது. விண்டோஸ் காத்திருக்கும் முறையை லினக்ஸ் கருனி அப்படியே பேசுகிறது. இந்த வேலைக்கான பணத்தையும் பொறுமையையும் கொண்டுவந்தது விளையாட்டுச் சந்தைதான். வால்வ் நிறுவனம் 2018இல் வைனை வைத்து புரோட்டான் என்ற தொகுப்பை வெளியிட்டது. 2022இல் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியை விற்கத் தொடங்கியது. விண்டோஸுக்காக மட்டும் எழுதிய ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இன்று அதில் ஓடுகின்றன.

எதிர்த்திசையிலும் ஒருவர் முயன்றார். 2016இல் மைக்ரோசாஃப்ட்டே லினக்ஸ் நிரல்களை விண்டோஸில் ஓட்ட, இதே போல அழைப்புகளைப் பெயர்க்கும் ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தது. ஓடியது, ஆனால் ஏராளமான சிறு கோப்புகளைத் திறந்து மூடும் வேலைகளில் தவழ்ந்தது. 2019இல் அறிவித்த இரண்டாம் பதிப்பில் பெயர்ப்பையே கைவிட்டு, உண்மையான லினக்ஸ் கருனி ஒன்றை மெய்நிகர் இயந்திரத்துக்குள் வைத்துவிட்டார்கள். விண்டோஸின் மூல நிரல் முழுவதும் கையில் உள்ளவர்கள், லினக்ஸின் மூல நிரல் திறந்தே கிடக்கிறது, அப்படியும் இந்த முடிவு. வைன்காரர்கள் மேல் என் மரியாதை கூடியதற்கு இது ஒரு காரணம்.

மூல நிரல் கையில் இருந்தால் எல்லாம் சுலபம் என்று நினைக்க வேண்டாம். 1990களின் நடுவில் வந்த மேக்குக்கான வேர்ட் 6, விண்டோஸ் வேர்டோடு ஒரே மூலத்திலிருந்து உருவானது. மேக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். மந்தம் என்றார்கள், மேக் நிரல் மாதிரியே இல்லை என்றார்கள். கடைசியில் பழைய வேர்ட் 5.1ஐ மறுபடி கொடுக்க வேண்டி வந்தது. நிரல் ஓடியதுதான், வீட்டுப் பழக்கம் தெரியாத விருந்தாளி மாதிரி ஓடியது. விண்டோஸ் பெட்டியில் ‘சரி’ பொத்தான் ‘ரத்து’க்கு இடப்பக்கம், மேக்கில் வலப்பக்கம். விரல் பழக்கத்தில் அமுக்கினால் அரை நாள் வேலை போகும்.

அண்ணாச்சியின் கடைக்குத் திரும்புகிறேன். அவருடைய நிரலைச் செய்து கொடுத்தவர்கள் கடையை மூடிப் பல வருடமாகிறது. எனவே மூலம் கிடைக்க வழியில்லை. வைன் போட்டேன். சொடுக்கினேன். திறந்தது! ஓரத்தில் பிள்ளையார் படத்தோடு பழைய பத்திரிகை ஒன்று அப்படியே வந்து நின்றது. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

தட்டச்சு செய்யப் போனதும் முதல் இடி. அவர் பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் ஹையர் முடித்தவர். அந்த விசை அமைப்பைத் தரும் தனிக் கருவி ஒன்று விண்டோஸில் வைத்திருந்தார். அத்தகைய கருவிகள் விசைப்பலகைக்கும் மற்ற நிரல்களுக்கும் நடுவில் கொக்கி போட்டு நின்று, ஒவ்வொரு அழுத்தத்தையும் வழிமறித்துத் தமிழாக்குகின்றன. வைனுக்குள் ஓடினால் வைன் சாளரங்களில் மட்டும் அந்தக் கொக்கி பிடிக்கும். வெளியே பிரவுசரில் பிடிக்காது. லினக்ஸின் புதிய திரை ஏற்பாடான வேலண்ட், ஒரு நிரல் இன்னொன்றின் விசைகளை ஒட்டுக் கேட்பதை வேண்டுமென்றே தடுக்கிறது. அதனால் அந்தக் கருவியைப் பெயர்க்க நான் மெனக்கெடவே இல்லை. டைப்ரைட்டர் அமைப்பு என்பது என்ன? எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற ஓர் அட்டவணை. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பும் அதே மாதிரி ஓர் அட்டவணைதான். ஜப்பானில் உருவான எம்17என் நூலகத்தில் இரண்டு அட்டவணைகளும் ஏற்கெனவே இருக்கின்றன. லினக்ஸின் ஐபஸ் அதைப் படித்துக்கொள்ளும். கொக்கி ஊர் விட்டு ஊர் வராது. அட்டவணை பஸ் ஏறி வந்துவிடும்.

இரண்டாவது இடிக்கு மருந்து இல்லை. அச்சிடப் போனபோது நிரல் டாங்கிளைக் கேட்டது. திருட்டுப் பிரதியைத் தடுக்க, அந்தக் கால டிடிபி மென்பொருள்களோடு கொடுத்த சின்ன யூஎஸ்பி பூட்டு. செருகித்தான் இருந்தது. ஆனால் அதோடு பேசும் இயக்கி விண்டோஸ் கருனிக்குள்ளேயே உட்கார எழுதப்பட்டது. வைனிடம் எடுபிடிப் பையன்கள்தான் உண்டு. மாமாவின் இடுப்புச் சாவிக்கொத்தைப் பையன் கேட்க முடியாது. ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கக் கருனிக்குள் புகுந்து உட்காரும் சில இணைய விளையாட்டுகளும் லினக்ஸில் நின்றுபோவது இதே இடத்தில்தான்.

மூலையில் கிடந்த இன்னொரு பழைய பெட்டியில் அந்தக் கழற்றிய வட்டை மாட்டி, நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, டாங்கிளைச் செருகி வைத்தோம். அழைப்பிதழ் அங்கே, மற்றதெல்லாம் லினக்ஸில். நடுவில் பென்டிரைவோடு அண்ணாச்சி நடக்கிறார்.

பத்து நாள் கழித்து ஃபோன். எல்லாக் கோப்பும் லினக்ஸ் பெட்டிக்கு வருகிறதாம், ஒன்று மட்டும் காப்பி ஆகமாட்டேன் என்கிறதாம். வைரஸா என்று கேட்டார். பெயரைப் படிக்கச் சொன்னேன். மணமகன் பெயரில் தொடங்கி, மணமகள், இரண்டு பேரின் ஊர், முகூர்த்த நேரம், மண்டபம் வரை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனார்.

“அண்ணாச்சி, மண்டபத்தையும் முகூர்த்தத்தையும் எடுத்துருங்க” என்றேன்.

“பத்திரிகையிலயா?”

“கோப்புப் பேருல.”